மடிக்கணினிக்கு மறுபூசை

என் மடிக்கணினிக்கு என்னுடையதைவிடப் பெரிய பொட்டு வைத்தவர் என் கணவர். மூடியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். திறந்து பார்த்தால் உள்ளேயும் ஒன்று, சரியாகக் கேமராவின் மேலேயே.

"அதுக்கும் ஒரு நெத்தி வேணும்ல?" என்றார்.

"அது நெத்தி இல்லீங்க, கண்ணு."

"கண்ணுக்குப் பக்கத்துலதானே நெத்தி இருக்கும்" என்று சொல்லிவிட்டு மிக்சிக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார்.

அவருக்குப் படகு இஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை, காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில். வருஷம் முழுக்கக் கிரீசும் டீசலுமாகக் கிடக்கிற மனிதர், ஆயுத பூசை வந்தால் ஆளே மாறிப்போவார். ஸ்பானர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்குவார். பட்டறையோடு நிற்காது. வீட்டில் கிரைண்டர், தையல் மிஷின், என் ஸ்கூட்டி, மகளின் சைக்கிள், அரிவாள்மணை, தண்ணீர் மோட்டார் என்று ஒன்று விடாமல் பொட்டு. ஒரு வருஷம் கொசு அடிக்கிற பேட்டுக்கும் வைத்தார். நான் சிரித்ததற்கு, "அதுவும் ஆயுதந்தான், உன்னவிட ஒழுங்கா வேலை செய்யுது" என்றார். பூசையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. அதில் மட்டும் அவரிடம் விளையாட்டே கிடையாது. நெடுங்காட்டில் என் பிறந்த வீட்டிலும் இதெல்லாம் உண்டுதான். ஆனால் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் என் அப்பா சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பூசையில் இருக்கும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போய்விடுவார். கோவில்பத்தில் நான் வாழ வந்த வீட்டில் அந்தச் சலுகை இல்லை.

அந்த வருஷம் எனக்குச் சிக்கலே அதுதான். விஜயதசமி அன்று காலையில் நான் என் வாழ்க்கையின் முதல் வகுப்பை எடுக்க வேண்டும். அதுவும் சும்மா வகுப்பு இல்லை, லைவ் கோடிங். அதாவது, ஏற்கெனவே எழுதி வைத்ததைத் திரையில் காட்டிக் கதை சொல்வது கிடையாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெற்றுத் திரையில் ஒவ்வொரு வரியாக நிரலை எழுதி, அங்கேயே ஓட்டி, தப்பு வந்தால் அங்கேயே எல்லோர் முன்னாலும் திருத்துவது. தப்பு கட்டாயம் வரும். எனக்கோ யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் என் பெயரையே தப்பாக அடிக்கிற கை.

ஏன் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக ஒரு சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். நான் ஒரு கோபக்காரி. யோசிக்காமல் வேலையை விட்டுவிட்டேன். கோபம் ஆறியபோது வேலை இல்லை. பிறகு இன்னொரு நிறுவனத்தில் தேறினேன். நல்ல வேலைதான், ஆனால் அதுவும் சென்னையில். வாரம் முழுக்க அங்கே ஒரு விடுதியில் கிடந்து, சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஞாயிறு மறுபடி பஸ் ஏற வேண்டும். வருகிறேனா இல்லையா என்று விஜயதசமிக்கு மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்போதுதான் என் கல்லூரித் தோழி ஒரு வழி சொன்னாள். பக்கத்தில் தருமபுரத்தில் அவள் ஒரு ட்யூஷன் சென்டர் நடத்துகிறாள். மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க இடம் இருக்கிறது. "விஜயதசமி அன்னைக்கு ஒரு ஓசி கிளாஸ் எடுடீ. ஒரு பேட்ச் ரொம்புற அளவுக்கு ஆளு சேந்துட்டா நீ இங்கயே இருந்துக்க. சேரலன்னா பஸ் ஏறு. என் மேல பழி போடாத" என்றாள்.

ஆக, நான் காரைக்காலில் இருப்பேனா போவேனா என்பது அந்த ஒரு காலைப் பொழுதில் தொங்கிக்கொண்டிருந்தது. கணவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். "உன் இஷ்டந்தான், நான் என்னத்த சொல்றது, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? இஞ்சின் ரிப்பேராகி வருகிறவர்களிடம் அரை மணி நேரம் பேசுகிற மனிதருக்கு, பெண்டாட்டியிடம் மட்டும் இரண்டே வார்த்தை. நான் போனால் இவருக்கு ஒன்றுமே இல்லையோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அந்த நினைப்பு வந்ததும் அழுகை வந்தது. அழாமல் கணினியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

துடைக்க வேண்டியது நிறையவே இருந்தது. திரை முழுக்க ரேஷன் கார்டு நகல், மகளின் பள்ளி ஆண்டுவிழாப் படங்கள், 'கடைசி' என்று ஒரு கோப்பு, 'கடைசியிலும் கடைசி' என்று இன்னொன்று. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நிரலை அல்ல, இந்தக் குப்பையைத்தான். எல்லாவற்றையும் அள்ளி ஒரு மூலையில் போட்டேன். பிறகு எழுத்தின் அளவு. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்று படித்துப் பார்த்தேன். தெரிந்தது. கொல்லைக் கதவில் போய் நின்றேன். தெரியவில்லை. கடைசி பெஞ்சுக்காரனுக்குத் தெரியாவிட்டால் அவன் போனை எடுத்துவிடுவான் என்பது எனக்குத் தெரியாதா? நானே கடைசி பெஞ்சுதான். நிரலின் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் போதாது என்று, திரையில் வருகிற அத்தனையும் பூதாகரமாகத் தெரிகிற மாதிரி மாற்றிவிட்டேன். கறுப்புப் பின்னணியில்தான் எனக்கு எழுதப் பிடிக்கும். ஆனால் தோழியின் புரொஜெக்டர் பழசு, மாடியில் நாலு பக்கமும் ஜன்னல். வெயிலில் கறுப்பு எடுபடாது என்று வெள்ளைக்கு மாற்றினேன். நெட் போய்விட்டால் என்ன செய்வது என்று தேவையான எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கிக்கொண்டேன். அந்தப் பழைய புரொஜெக்டரின் வாய்க்கு என் கணினியின் வாய் பொருந்தாது. அதற்கான இணைப்பானைக் கடைத்தெரு முழுக்க அலைந்து வாங்கினேன்.

அப்புறம் ஒத்திகை. மகள் ஐந்தாம் வகுப்பு. அவளை உட்கார வைத்து, "மழை பெய்தால் குடை என்று காட்டு, இல்லையென்றால் தொப்பி என்று காட்டு" என்று கணினிக்கு எப்படிச் சொல்வது என்று எழுதிக் காட்டினேன். இஃப், எல்ஸ். இதுதான் என் வகுப்பின் முக்கியப் பாடம். எந்த வரியில் தெரிந்தே தப்பு செய்ய வேண்டும், அதை எப்படிச் சிரித்துக்கொண்டே திருத்த வேண்டும் என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தேன். மகள் கொட்டாவி விட்டுவிட்டு, "அம்மா, நீ ரொம்பக் கத்துற" என்றாள். குக்கர் விசிலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது.

ஒரே ஒரு வேலையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். வாட்ஸப் செய்தி வந்தால், போன் அணைந்திருந்தாலும் கணினித் திரையின் மூலையில் டொக்கென்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்குமே, அதை அணைத்து வைப்பது. எத்தனை பேர் வருகிறார்கள், எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறார்கள் என்று தோழி விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கணினியில் வேலை செய்தபடியே அதைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருந்தது. கடைசியாக அணைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

பூசை அன்று காலையில் நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கணினி பூசைக்குப் போய்விட்டது. மகள் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் அடுக்கியிருந்தாள். அன்று படிக்க வேண்டியதில்லை என்ற சந்தோஷம் அவளுக்கு. அதன்மேல் என் மடிக்கணினி, அதன்மேல் ஒரு பட்டுத்துணி, பக்கத்தில் பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை. பொட்டைப் பற்றிய பேச்சு வந்ததும் அப்போதுதான். படையல் முடிந்து சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் எனக்கு நினைவு வந்தது, இன்னும் ஏதோ ஒன்று பாக்கி என்று. எது என்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. தொட்டுத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

"ஏங்க, ஒரே ஒரு நிமிஷம் எடுத்துட்டு வச்சிடுறேன்."

"காலையில எடுத்துக்க."

"காலையில நேரம் இருக்காதுங்க. என்னமோ ஒண்ணு பாக்கி இருக்கு."

"பூசைல இருக்கிறத எடுக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"உங்க இஞ்சின் வேற, இது வேற."

"என்னா வேற? ரெண்டும் சோறு போடுறதுதானே."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "இது சோறு போடணும்னா நான் மெட்ராசுக்குத்தான் போவணும், பரவால்லயா?" என்று கத்திவிட்டேன். அவர் பட்டுத்துணியின் ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு, "அது உன் இஷ்டம்" என்றார். நான் சுண்டல் பாத்திரத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி தேய்த்தேன். அன்று முழுக்கப் பூசை அறைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன். அவரும் அதே அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்தார். எடுக்கத் துணிவு வரவில்லை. சாமிக்குப் பயந்தா, அவருக்குப் பயந்தா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

விஜயதசமி காலையில் அவரே குளித்துவிட்டு வந்து மறுபூசை போட்டார். கற்பூரம் காட்டி, துணியை விலக்கி, கணினியை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். "நல்லா சொல்லிக் குடு. அவசரப்படாத, கோவப்படாத" என்றார்.

"போனை அணைச்சு வச்சிடுவேன். கிளாஸ் முடியிறவரைக்கும் கூப்பிடாதீங்க" என்று சொன்னேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் பட்டறைக்கு மறுபூசை போடக் கிளம்பினார். நான் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வாழைக்கன்று கட்டிய ஸ்கூட்டியில் தருமபுரம் போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் இலை என் முகத்தில் அடித்தது.

மாடி ஏறினேன். ஆள் நிறையவே வந்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள், அலுவலகத்தில் வேலை பார்க்கிற இரண்டொரு பேர். ஓசி என்றால் வருவார்கள், சேருவார்களா என்பதுதானே கேள்வி? புரொஜெக்டரில் இணைத்தேன். திரை ஊதா நிறத்தில் வந்தது. கழற்றி மாட்டினேன். பாதித் திரைதான் வந்தது. இணைப்பானை அழுத்திப் பிடித்தபடி தோழி நிற்க, நான் வியர்த்துப்போய் எதையெதையோ தட்ட, ஒருவழியாகச் சரியானபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கி இருந்த அந்த ஒரு வேலை எது என்று யோசிக்க நேரம் எங்கே? பேசத் தொடங்கிவிட்டேன்.

முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. தெரிந்தே செய்ய வேண்டிய தப்புக்கு முன்பாகவே தெரியாமல் ஒரு தப்பு செய்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பளிச்சென்று கண்டுபிடித்தாள். "மிஸ், மேற்கோள் குறிய மூடல." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே மூடினேன். மழை, குடை, தொப்பி என்று இஃப், எல்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே கொளுத்துகிற வெயில்.

டொக்.

திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. கடைசி பெஞ்சுக்காக நான் எல்லாவற்றையும் பூதாகரமாக்கி வைத்திருந்தேன் அல்லவா, அந்தப் பெட்டியும் கால்வாசிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே அவர் படத்தோடு 'வீட்டுக்காரர்'. கீழே, 'பட்டறையில மறுபூசை முடிஞ்சிட்டு. உன் கம்ப்யூட்டருக்கும் சேத்துதான் கும்பிட்டேன்.'

பாக்கி இருந்த வேலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடப்பாவி மனுஷா! நான் சுட்டியைத் தேடுகிறேன், அது மேசையில் ஒரு பக்கம் ஓடுகிறது. அதற்குள் அடுத்தது.

'மெட்ராசு வேலைக்கு உன் இஷ்டம்னு சொன்னேன்ல, அது பொய்.'

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெட்டியை மூடுவதற்காகக் கையைக் கொண்டுபோனவள், மூடவில்லை. மூன்றாவதைப் பார்க்காமல் மூட எனக்கு மனசு வரவில்லை. வந்தது.

'நீ இங்கயே இருக்கணும். கூட்டம் வந்தாலும் இரு, வராட்டியும் இரு. நேர்ல சொல்ல வாய் வரல. நீ போனை அணைச்சு வச்சிருப்பன்னுதான் இப்ப சொல்றேன்.'

முன்வரிசைப் பெண் கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் வாயைப் பொத்திக்கொண்டாள். மாடியே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள். "மிஸ், எங்க அண்ணன் போட்டுக்கு அவங்கதான் இஞ்சின் பாப்பாங்க. எங்க வீட்டுல யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மிஸ்" என்றாள் அந்தப் பெண். சொல்லாமல் இருக்கவே மாட்டாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"மிஸ், மெட்ராசுக்குப் போறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

என்ன சொல்வது? அழுதால் அசிங்கம், சிரித்தாலும் அழுதுவிடுவேன். திரும்பி நின்று, திரையில் இருந்த மழையையும் குடையையும் அழித்தேன். அந்த இடத்தில் வேறு எழுதினேன். கூட்டம் வந்தால், 'போகவில்லை' என்று காட்டு. இல்லையென்றால், 'போகவில்லை' என்று காட்டு. ஓட்டினேன். கூட்டம் வந்தது என்று வைத்துப் பார்த்தேன், 'போகவில்லை' என்று வந்தது. வரவில்லை என்று மாற்றி ஓட்டினேன். 'போகவில்லை' என்றே வந்தது.

பின்வரிசைக்காரன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "மிஸ், ரெண்டு பக்கமும் ஒண்ணேதான் வருது. அப்ப அந்த இஃப் எதுக்கு மிஸ்?"

"அதானே" என்றேன். இஃப் வரியை அழித்தேன், எல்ஸ் வரியையும் அழித்தேன். 'போகவில்லை' என்று காட்டு, அவ்வளவுதான். ஒற்றை வரி. ஓட்டினேன். தோழி ஓடி வந்து தன் போனில் அதைக் கூட்டத்தோடு சேர்த்துப் படம் எடுத்தாள். "நானே அனுப்புறேன்டீ உன் வீட்டுக்காரருக்கு" என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் அனுப்பிவிட்டாள்.

இடைவேளையில் எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்தோம். சேருகிறவர்கள் தோழியிடம் பெயர் கொடுத்தார்கள். அவள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி விடு, இருக்கிறவங்கள வச்சு ஆரம்பிப்போம். நீதான் எப்புடியும் போகப் போறதில்லையே" என்றாள்.

மறுபடி எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். "மிஸ், அந்த நோட்டிபிகேஷன ஆஃப் பண்ணிடலாமே" என்று பின்வரிசைக்காரன் சொன்னான். நல்ல பிள்ளை. சுட்டியை அங்கே கொண்டுபோனேன். அப்போது மறுபடியும் டொக்.

'ஐயய்யோ. எல்லாரும் பாத்துட்டாங்களா?'

"பாத்துட்டோம்" என்று வகுப்பே சேர்ந்து கத்தியது. நான் அதை அணைக்காமலேயே அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.